மரக் கோபுரத்தின் உச்சியில் காங்கிரீட் எதற்கு?

எட்டாம் வகுப்பில் ஒலிப் பாடத்தின் அலைவு, அலைவுநேரம் பகுதியைத் தொடங்கும் முன், ஒரு கட்டடத்தின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினேன். நார்வே நாட்டில், ஆஸ்லோவுக்கு வடக்கே, மியோசா ஏரிக்கரையில் உள்ள புருமுண்டால் என்னும் சிறு நகரில் நிற்கும் மியோஸ்தோர்னே கோபுரம் அது. 2019இல் கட்டி முடித்தார்கள். 18 மாடி, 85.4 மீட்டர் உயரம். கீழ்மாடிகளில் அலுவலகங்கள், நடுவில் தங்கும் விடுதி, அதற்கு மேல் குடியிருப்புகள். தூண், உத்தரம், லிஃப்ட் கூண்டு எல்லாமே மரம். 2022இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 86.6 மீட்டரில் இன்னொன்று எழும் வரை, உலகின் மிக உயரமான மரக் கட்டடம் இதுதான்.

மூன்றாம் பெஞ்சு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்கப்பா சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். பலகையைப் பிரிச்சு எடுத்த பிறகுதான் கட்டடம் நிக்கும். இதுல பலகையே நிக்குதா?" வகுப்பு சிரித்தது. எனக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைத்திருக்காது.

ஏன் மரம் என்பதை முதலில் பேசினோம். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்த வாயு கல்லிலிருந்தே வெளியேறுவதை வேதியியல் சமன்பாடாகவே எழுதிக் காட்டலாம். மரமோ வளரும்போது அதே வாயுவை உள்ளிழுக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். கட்டடம் நிற்கும் வரை அது உள்ளேயே இருக்கும். வெட்டிய இடத்தில் மறுபடியும் மரம் வளர்த்தால்தான் இந்தக் கணக்கு செல்லும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் காட்டை வெட்டுவது நல்லது என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், எழுதியும் இருக்கிறார்கள்.

"தீப்பிடிச்சா?" என்ற கேள்வி அடுத்து வந்தது. விறகடுப்புள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்டேன். சுள்ளி சட்டென்று எரிந்துபோகும், தடித்த கட்டை மேலே கரியாகி உள்ளே அப்படியே கிடக்கும் என்றார்கள். பொறியாளர்களின் கணக்கும் அதுதான். கரி அடுக்கு வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. பலகைகளை ஒட்டிச் செய்த தூணில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ. கருகும் என்று வைத்துக்கொள்கிறார்கள். முக்கியத் தூண்கள் 120 நிமிடம் தீயில் தாங்க வேண்டும் என்று இக்கோபுரத்தை வடிவமைத்தார்கள். மூலைத் தூணின் அளவு 1485 × 625 மி.மீ. எல்லாப் பக்கமும் எரிந்தால் மிச்சம் எவ்வளவு? 0.7 × 120 = 84. குறுகிய பக்கத்தில் இருபுறமும் கழித்தால் 457 மி.மீ. கணக்கில் பின்தங்கிய பையன்கள் இருவர் இதை முதலில் முடித்தார்கள்.

நான் சறுக்கியது அதன் பிறகு. மரக் கோபுரமாக இருந்தும் மேல் ஏழு மாடிகளின் தளங்கள் காங்கிரீட். அதே மாணவி காரணம் கேட்டாள். "உச்சியில் கனம் கூடினால் ஆபத்துதான், பஸ் மேலே மூட்டை ஏற்றுவது போல, வேறு ஏதாவது காரணம் இருக்கும்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். இரவு படித்துப் பார்த்ததில் தவறு புரிந்தது. பஸ் கவிழ்வது ஈர்ப்புமையம் உயர்வதால். இந்தக் கோபுரமோ பாறை வரை இறக்கிய பைல்களில் பிணைந்திருக்கிறது. அதன் சிக்கல் கவிழ்வது அல்ல, ஆடுவது. மரம் எடை குறைந்தது. காற்றில் வெடுக்வெடுக்கென்று ஆடும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் கீழே இருக்கிறார். படுத்துத் தூங்குபவர் அதிகம் ஆடும் உச்சியில் இருக்கிறார், அவருக்குத்தான் அது தலைசுற்றலாகத் தெரியும். மேலே நிறையைக் கூட்டினால் ஆட்டம் மெதுவாகும். மாடிக்கு மாடி சத்தம் கடப்பதும் குறையும்.

மறுநாள் நான் சொன்னது தவறு என்று வகுப்பில் சொன்னேன். ஆக்சா பிளேடு ஒன்றின் பற்களை டேப்பால் மூடி, மேசை விளிம்பில் செங்குத்தாக இறுக்கிக் கட்டினோம். வெறும் பிளேடு அதிர்ந்த வேகத்தில் யாராலும் எண்ண முடியவில்லை. உச்சியில் ஒரு பென்சில் பேட்டரியை ரப்பர் பேண்டால் கட்டியதும் 10 அலைவுக்கு 5 விநாடிக்குள் ஆனது. இரண்டு கட்டியதும் ஏறத்தாழ 7 விநாடி. அந்த மாணவியைத்தான் விநாடி பார்க்கச் சொல்லியிருந்தேன். "அப்போ கனம் நல்லதுதான்" என்றாள். நான்கைந்து பேட்டரி கட்டினால் பிளேடு ஒருபக்கம் சாயத் தொடங்கும். அதையும் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் "எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்" என்ற புதுத் தவறு முளைக்கும்.

பலத்த காற்றில் அந்தக் கோபுரத்தின் உச்சி அதிகபட்சம் 14 செ.மீ. நகரும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. எங்கள் 30 செ.மீ. பிளேடுக்கு அது எவ்வளவு என்று விகிதம் போடச் சொன்னேன். விடை அரை மில்லிமீட்டர். அளவுகோலை எடுத்துக் கண்ணருகே வைத்து, அவ்வளவு சின்னக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோதே மணி அடித்துவிட்டது.