மார்பகப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்

வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரி கவுண்டரில் கன்னடம், கையில் கொடுக்கும் ரிப்போர்ட்டில் ஆங்கிலம். பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களின் நிலை இதுதான். மார்பகச் சோதனை என்றால் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். சந்தேகம் கேட்காமலே சகோதரிகள் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் தங்கைக்குத் துணையாக ஓசூர் சாலை கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்த மாதங்களில் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

தண்டவாளத்தின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒலி அலையைச் செலுத்திக் கண்டுபிடிப்போம். மார்பக ஸ்கேனும் அதே தத்துவந்தான். மாமோகிராம் என்பது எக்ஸ்ரே. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துபோகலாம். அதனால்தான் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த ரிப்போர்ட்டுகளின் கடைசியில் 'பை-ராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பதே. 1, 2 கவலையில்லாதவை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி. புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 வந்தால் பயாப்ஸி, அதாவது ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது, அவசியம். 6 என்பது பயாப்ஸியில் ஏற்கெனவே புற்று உறுதியானதைக் குறிக்கும். 'ஃபைப்ரோஅடினோமா' என்று வந்தால் அது புற்று அல்ல, இளம்பெண்களுக்குச் சகஜமாக வரும் கட்டி. 'கார்சினோமா' என்றால் புற்று. அதோடு 'இன் சிட்டு' என்று சேர்ந்திருந்தால் பால்குழாய் போன்ற பிறந்த இடத்தின் சுவரைத் தாண்டவில்லை. 'இன்வேசிவ்' என்றால் தாண்டிவிட்டது.

மிகவும் குழப்புவது பாஸிடிவ், நெகட்டிவ் என்ற இரண்டு சொற்கள்தாம். 'ஈ.ஆர். பாஸிடிவ்' என்று படித்ததும் என் மைத்துனி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். புற்று இருப்பது அதற்கு முன்பே தெரியும். இந்தச் சொல் புதிதாக ஒரு கெடுதலைச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். உண்மையில் அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வகை, ஆகவே டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகளுக்கு அது கட்டுப்படும் வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். டாக்டரம்மா பொறுமையாக இதை விளக்கிய பிறகுதான் அன்று அவள் சாப்பிட்டாள். 'ஹெர்-2 பாஸிடிவ்' என்றாலும் அதற்கென்றே மருந்து இருக்கிறது. மாறாக 'டிரிபிள் நெகட்டிவ்' என்பதை நல்ல சேதி என்று எண்ணிவிடக் கூடாது. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லை, அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் பயன்படா, பெரும்பாலும் கீமோதெரபி தேவைப்படும் என்று அர்த்தம். ஆனால் அறுவைக்குப் பின் 'மார்ஜின் நெகட்டிவ்' என்று வந்தால் மகிழலாம். வெட்டிய விளிம்பில் புற்று இல்லை.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியது என்பது. வண்டியின் வேகமும் அது கடந்த தூரமும் ஒன்றாகுமா? 'கிரேடு 3' என்று பார்த்துவிட்டு 'மூன்றாம் ஸ்டேஜாம்' என்று ஊருக்குப் போன் போடாதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேட்க விரும்புகிறவர்கள், ரிப்போர்ட்டோடு பயாப்ஸியின் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.