ஈர்க்குக் கட்டும் ஈரமும்

"வீடு கூட்ட ரோபோ வந்துவிட்டதே, துடைப்பம் ஏற்றுமதி இனி நடக்குமா?" என்று ஈர்க்கு சீவும் சகோதரிகள் கேட்கிறார்கள்.

'ரூம்பா' ரோபோ 2002-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது வீட்டுக்குள் சமதளத் தரையில் தூசியை இழுக்கும். ஈர முற்றத்துக்கும் தோட்டத்துச் சருகுக்கும் இன்றும் துடைப்பமே வேண்டும்.

நம் சரக்கைக் கெடுப்பது ரோபோ அல்ல, ஈரம். சரியாகக் காயாத ஈர்க்கு, மூடிய கன்டெய்னரில் வாரக்கணக்கில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாங்குபவர் சரக்கை மறுத்தால் அடுத்த ஆர்டரும் போகும், பல வீடுகளின் கூலியும் போகும்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரத்தைக் கண்டார்கள். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

ஆகவே எடை கூட்ட நனைக்காதீர்கள். நன்றாகக் காயவையுங்கள். நீளவாரியாகப் பிரியுங்கள். கட்டின் நடுவிலும் கைவிட்டுப் பாருங்கள்.

சொந்தமாக ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. எண் அவசியம். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உதவுகிறோம்.