எரிந்த காயில்

பாப்பிரெட்டிப்பட்டி

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதில் ஒன்றுதான் உறுத்தியது. பில்ட் விழுந்தது பெரிய விஷயமில்லை. விழுந்த கையோடு ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாய், அதுவும் மூன்று தடவை. நம் கிணற்று மோட்டார் எரிந்தபோது காயில் கட்டுபவரிடம் கொண்டுபோனோமே, ஞாபகமிருக்கிறதா? கருகிய கம்பியை அவர் எடுத்ததும் வீசிவிடவில்லை. ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் குப்பையில் போட்டார்.

முதலில் லாக்கைப் படி. அடியில் நிற்கும் ‘எரர் 2’வை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதே. உள்ளே ஏதோ விழுந்துவிட்டது என்பதற்கு மேல் ‘மேக்’ கட்டளைக்கு அங்கே சொல்ல ஒன்றுமில்லை. மேலே ஏறிப்போய் முதல் பிழையைத் தேடு. பல கோர்களில் சேர்த்து ஓட்டியிருந்தால் வரிகள் சந்தை இரைச்சல்போலக் கலந்து கிடக்கும். ஒற்றை வேலையாக ஓட்டிப் பார்.

உன் கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் பில்ட் விழுவதும் உண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவரே என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க எத்தனையோ பேரின் பில்ட் அன்று நின்றுபோனது. லொக்கேலும் டைம்ஸோனும்கூட விளையாடும். டெபியன்காரர்கள் அவற்றை வேண்டுமென்றே மாற்றி, ஒரே மூலத்தை இருமுறை பில்ட் செய்து, பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள்.

உன் லேப்டாப்பில் நான் கீக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரைப் போட்டுக்கொடுத்தது இதற்குத்தான். ஒவ்வொரு பில்டையும் அது தனி அடைப்புக்குள் செய்யும். சும்மா விட்டால் விழுந்ததைத் துடைத்துவிடும். ‘கீப்-ஃபெயில்ட்’ என்று சேர்த்தால் டெம்ப்பில் அப்படியே விட்டுவைக்கும். அதற்குள் ‘என்விரான்மென்ட்-வேரியபிள்ஸ்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். அதை சோர்ஸ் செய், பில்டுக்கு இருந்த அதே மாறிகள் உன் ஷெல்லுக்கு வந்துவிடும். பிறகு விழுந்த கட்டளையை நீயே கையால் ஓட்டு.

இப்போது விழாமல் ஓடினால்? சந்தோஷப்படாதே, உன் சிஸ்டத்திலிருந்து ஏதோ உள்ளே கசிகிறது. ‘கீக்ஸ் ஷெல்’லில் கன்டெய்னர் திறந்து அதற்குள் ஓட்டு. அங்கும் ஓடினால், அந்த கன்டெய்னருக்குள் இருக்கும் பின்-எஸ்ஹெச்சை அழித்துவிடு. பதறாதே, கையேட்டிலேயே இருக்கும் வழிதான். பில்ட் நடக்கும் அடைப்பில் அந்த ஃபைல் கிடையாது. ஆனால் யாரோ ஒருவர் அந்தப் பாதையை நிரலுக்குள் நேராக எழுதிவைத்திருப்பார். (வெளியே, உன் சொந்த சிஸ்டத்தில் மட்டும் இதைச் செய்துவிடாதே. அப்புறம் அதற்கும் எனக்குத்தான் போன் வரும்.)

டெம்ப்பில் இருப்பது பல லினக்ஸ்களில் ரீபூட்டோடு போய்விடும். நாலாவது தடவை விழுந்ததையாவது லாக்கோடு டார் கட்டி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து பார்க்கிறேன்.

உன் சித்தப்பா