கட்டு பிரித்த பிறகு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பிசியோதெரபி பார்க்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பெரிய தீக்காயம் பட்ட பலரையும் நம் பக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே உயிரைக் காப்பாற்றி, தோல் வைத்து, கட்டு பிரித்து அனுப்புகிறார்கள். அவர்கள் திரும்பி வருவது சேலையூருக்கும் முடிச்சூருக்கும் பம்மலுக்கும். ஆஸ்பத்திரிக் கணக்கு சில வாரங்களில் முடிந்துவிடும். தழும்பின் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கும். அந்த நீண்ட பாதி நம்முடையது.

1. முதல் நாளே காலக்கெடுவைச் சொல்லிவிடுங்கள். “காயம்தான் ஆறிடுச்சே, இன்னும் எதுக்கு எக்சர்சைஸ்?” என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். தோல் மூடிய பிறகும் தழும்பு மாதக்கணக்கில் சிவந்து, தடித்து, இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் 6 மாதம் அது மும்முரமாக வேலை செய்யும். வெளுத்து மிருதுவாக 12 முதல் 18 மாதம், சிலருக்கு 2 ஆண்டுகூட ஆகும். மூன்றாம் மாதம் கழுத்து இறுகும்போது “இதை ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று யாரும் உங்களைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. சுகமாகப் படுக்கும் நிலைதான் முடங்கிப்போகும் நிலை. வலி எடுத்தால் உடம்பு தானாகச் சுருண்டுகொள்ளும். கழுத்து வெந்தவருக்குப் பாசத்தோடு தலையணை வைப்பார்கள். தாடை நெஞ்சோடு ஒட்டத் தொடங்குவது அங்கேதான். தலையணையை எடுத்துவிட்டுத் தோளுக்கு அடியில் சுருட்டிய துணியை வையுங்கள். அக்குள் வெந்திருந்தால் கையை உடம்பிலிருந்து 90 டிகிரி விலக்கி வைக்க வேண்டும். முழங்கையும் முழங்காலும் நீட்டியபடி இருக்கட்டும். பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். இதை நோயாளியிடம் சொன்னால் மட்டும் போதாது. இரவில் பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ செய்து காட்டுங்கள்.

3. கையை ஒரு நாளும் கவனிக்காமல் விடாதீர்கள். புறங்கை வெந்தால் விரல் கணுக்கள் தவறான பக்கம் வளைந்து இறுகிவிடும். மணிக்கட்டு சற்று மேல்நோக்கி, விரல்கள் உள்ளங்கையைச் சேரும் கணுக்கள் மடங்கி, மற்றக் கணுக்கள் நீண்டு, கட்டைவிரல் விலகி நிற்கும்படி ஸ்ப்ளின்ட் கட்டுங்கள். விலை உயர்ந்த பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் வாங்க முடியாத வீட்டில் மாவுக்கட்டுப் பட்டையே போதும். கட்டுப் போடும்போது ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். சேர்த்துச் சுற்றினால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும்.

4. நீட்டுவதில் அவசரம் வேண்டாம். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். எண்ணெய் தடவி, மெல்ல நீட்டி, தழும்பு வெளுக்கும் இடத்தில் நிறுத்திப் பிடித்திருங்கள். வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும். மறுநாள் நோயாளி வர மாட்டார். முழங்கையில் இன்னும் கவனம் வேண்டும். பெரிய தீக்காயங்களில் அந்த மூட்டைச் சுற்றிப் புது எலும்பு படிவது உண்டு. அசைவு திடீரென்று குறைந்து வலி கூடினால் பலம் காட்டாமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். புதிதாகத் தோல் வைத்த இடத்தை எப்போது அசைக்கலாம் என்பதை அறுவை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

5. பிரஷர் உடையும் சித்திரை வெயிலும் ஒத்துப்போகாது. தழும்பை அழுத்தி வைக்கும் அந்த உடையைக் குளிக்கவும் எண்ணெய் தடவவும் கழற்றும் நேரம் போக, நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும் என்பது விதி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்பதை உணர்ந்து பேசுங்கள். தோல் வைத்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால் உடம்புச் சூடு தணிய வழி குறைவு. எனவே பயிற்சியை விடிகாலையில் வையுங்கள். துவைத்து மாற்ற 2 ஜோடி தைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் துணி தளர்ந்துவிடும்; திரும்ப அளவெடுக்க வேண்டும். தளர்ந்த உடையால் வேர்வைதான் மிச்சம்.

6. அரிப்பைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். இரவில்தான் அது அதிகம். தூக்கம் கெட்டவர் பகலில் பயிற்சி செய்ய மாட்டார். தேங்காய் எண்ணெய், ஈரத்துணி ஒற்றுதல், சொறியாமல் தட்டிக்கொடுத்தல் இவற்றுக்கும் அடங்காவிட்டால் மருந்துக்கு டாக்டரிடம் அனுப்புங்கள்.

7. “முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்” என்ற பேச்சை அன்போடு மறுத்துவிடுங்கள். புதுத் தோலுக்கும் கரைந்த சதைக்கும் புரதம் வேண்டும். அசைவம் இல்லாத வீட்டில் சுண்டல், பருப்பு, பால்.

8. டிகிரியை அளந்து எழுதுங்கள். ஆனால் இலக்கை வேலையாக வையுங்கள். பின்னல் போட, ரவிக்கைக் கொக்கி மாட்ட, சோறு பிசைய, குந்தி உட்கார, மின்சார ரயிலில் மேலே கைப்பிடியைப் பிடிக்க, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க விரல் வேலை செய்ய: இதில் எது நோயாளிக்கு முதலில் வேண்டும் என்று கேளுங்கள். வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1940களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் பிழைப்புக்கு வழி இல்லாமல் அந்த நோயாளிகள் தவித்ததைக் கண்டு, தொழில் கற்றுத்தரும் இடம் ஒன்றையும் அங்கேயே உண்டாக்கினார். நம் தொழிலுக்கும் அதுதான் பாடம்.

9. குழந்தை என்றால் உங்கள் பொறுப்பு நீளும். எலும்பு வளரும், தழும்பு கூடவே வளராது. ஐந்து வயதில் சரியாக இருந்த முழங்கால் பத்து வயதில் மடங்கலாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தழும்போடு தப்பியவர்கள் அதற்குப் பின் வளர்ந்து ஆளாக வேண்டியிருந்த ஆண்டுகளை நம் தொழிலில் இருப்பவர்களாவது நினைக்க வேண்டும். வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுதோறும் வரச் சொல்லுங்கள்.

10. எப்படித் தீப்பிடித்தது என்று துருவாதீர்கள். “ஸ்டவ் வெடிச்சுது” என்று ஒரு பெண் சொல்லும்போது கணவர் பக்கத்தில் நின்றால் வேறு பதில் அவரிடமிருந்து வராது. பயிற்சி நேரத்தில் உறவினரை வெளியே உட்காரவைக்கும் வழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பேசினால் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐயும், தீக்காயத்திலிருந்து மீளும் பெண்களோடு சென்னையில் வேலை செய்யும் பி.சி.வி.சி. அமைப்பையும் தெரிந்து வைத்திருங்கள்.

11. வாசலைத் தாண்டுவதும் ஒரு பயிற்சிதான். இரண்டாம் உலகப் போரில் முகம் வெந்த விமானிகளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரில் மெக்கிண்டோ என்ற மருத்துவர் அறுவை செய்தார். ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல், ஊர்க்காரர்கள் அவர்களை முறைத்துப் பார்க்காமல் வீட்டுக்கும் கடைக்கும் வரவேற்கும்படி அந்த ஊரையே பழக்கினார். தாம்பரத்தைப் பழக்க உங்களால் முடியாது. ஆனால் முதல் முறை தெருமுனைக் கடைவரை கூடவே நடக்கலாம். சண்முகம் சாலையில் கூட்டம் இல்லாத காலை வேளையைப் பார்த்துச் சொல்லலாம்.

12. காகித வேலையும் சிகிச்சைதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானவர்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மற்றத் தீக்காயங்களில் மூட்டு முடங்கியிருந்தால் இயக்கக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைக் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வர முடியாதவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும்.

13. திருப்பி அனுப்ப வேண்டிய நேரத்தில் தயங்காதீர்கள். கண் இமை மூடாவிட்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, பார்வையே போய்விடும். பழைய தழும்பில் ஆறாத புண் வந்தால் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். பயிற்சிக்கு அசையாத இறுக்கத்தை அறுவையால்தான் விடுவிக்க முடியும். விடுவித்த பின் ஸ்ப்ளின்ட்டும் நீட்டலும் மறுபடி முதலிலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாம்பரத்தில் ஏறினால் கீழ்ப்பாக்கத்துக்குச் சேத்துப்பட்டில் இறங்க வேண்டும் என்பதுவரை எழுதிக் கொடுங்கள். டாக்டருக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘கழுத்து நீட்டல் 20 டிகிரி’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை, துணிக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டும்’ என்ற வரியையும் சேருங்கள்.