மார்கழிக் குட்டிகளும் ஒன்பது வாட் விளக்கும்

முயல் வளர்க்கும் இளையவருக்கு ஒரு கடிதம்

மதுரையை அடுத்த அலங்காநல்லூர்ப் பக்கத்து இளம் பண்ணையாளர் ஒருவர், குளிர்காலத்தில் முயல் குட்டிகளைக் காப்பது குறித்து எழுதி, படியெடுத்து, பிற வளர்ப்போரிடையே சுற்றுக்கு விட்டிருக்கும் கையேடே இக்கடிதத்துக்குக் காரணம். இனத் தேர்வு, பசுந்தீவனம், 31 நாள் சினைக்காலம் முதலியவற்றை அவர் நன்கறிந்தவர் என்பது கையேட்டின் முதற்பக்கங்களிலேயே தெரிவதால், அவற்றை விடுத்து நேராக ஒன்பதாம் பக்கத்துக்கு வருவதே முறை.

ஈனும் பெட்டிக்குள், அதாவது தாய் முயல் குட்டி போடுவதற்காகக் கூண்டில் வைக்கப்படும் மரப்பெட்டிக்குள், 9 வாட் எல்.இ.டி. விளக்கை இரவு முழுவதும் எரியவிட வேண்டும் என்று அப்பக்கம் பரிந்துரைக்கிறது. மலைப்பகுதிக்கென்று முன்பு எழுதப்பட்ட குறிப்புகளில் 40 வாட், 60 வாட் குண்டு பல்புகள் சொல்லப்பட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. உள்ளிருக்கும் கம்பி இழை சூடேறி ஒளிரும் அவ்வகை பல்பு, தான் வாங்கும் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிட்டது. 2015இல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா விளக்குத் திட்டத்துக்குப் பிறகு எல்.இ.டி. விளக்குகள் வீடுதோறும் நுழைந்து, குண்டு பல்பு கடைகளில் அருகிவிட்ட நிலையில், கையேட்டின் ஆசிரியர் பழைய குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு வாட் எண்ணை மட்டும் திருத்தியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. இருட்டை நாடிக் குட்டி போடும் விலங்கின் பெட்டியில் வெளிச்சத்தைப் பாய்ச்சிவிட்டு, போதிய சூட்டைக் கொடுக்காமல் விடும் இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல்.

குண்டு பல்பே கிடைத்தாலும் அதை ஈனும் பெட்டிக்குள் தொங்கவிடுவது தவறு. கண் திறக்காத குட்டிக்குச் சூடு மிகுந்தால் விலகிச் செல்ல அந்தச் சிறு பெட்டியில் இடமில்லை. தோல் வறண்டு, உடல் நீர் வற்றி, விடிவதற்குள் சுருண்டுவிடும். விளக்கை நம்பியவர்களுக்கு 2012ஆம் ஆண்டு நினைவிருக்க வேண்டும். நாளின் பாதியை விழுங்கிய அந்த மின்வெட்டுக் காலத்தில், மதுரையைச் சுற்றிய ஊர்களில் பல்பை மட்டும் நம்பி வைக்கோலைக் குறைத்துப் போட்டிருந்த கூண்டுகளில் குட்டிகள் விறைத்துக் கிடந்தன. பெட்டி நிறைய உலர்ந்த வைக்கோலும் தாயின் ரோமமும் இருந்த கூண்டுகளில் மின்சாரம் போனது குட்டிகளுக்குத் தெரியவே இல்லை.

மதுரையில் குளிரே கிடையாது என்று வாதிடுவதற்காக இது சொல்லப்படவில்லை. தை மாதத்து விடியலில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். ரோமமின்றிச் செவ்வுடலாகப் பிறக்கும் 50 கிராம் குட்டிக்கு, தன் உடற்சூட்டைக் கஷ்டமின்றிக் காத்துக்கொள்ள 30 முதல் 35 டிகிரி வரை தேவைப்படுவதால், நமக்கு இதமான இரவு அதற்குக் கொடுங்குளிர். ஆயினும் கொடைக்கானல் மலைமேல், மன்னவனூரில் அமைந்துள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தைச் சூழ்ந்திருக்கும் பனிக்குளிர் வேறு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அலங்காநல்லூர்க் கொட்டகைக்குள் இறங்கும் ஈரக்குளிர் வேறு. மலையில் காற்றின் குளிர் குட்டியைக் கொல்லும். சமவெளியில் பெரும்பாலும் நனைந்த படுக்கைதான் கொல்லும். கையேடு முன்னதற்கான மருந்தைப் பின்னதற்கு எழுதியிருக்கிறது. பெட்டியைச் சுற்றிப் பாலித்தீன் தாளைக் கட்டச் சொல்லும் வரியும் அந்த வகையே. காற்றோட்டமில்லாத பெட்டியில் குட்டிகளின் மூச்சும் சிறுநீரும் ஆவியாகித் தாளில் முத்து முத்தாகத் திரண்டு, மீண்டும் படுக்கையிலேயே சொட்டும்.

சூட்டின் ஊற்று எது என்பதைக் கையேடு ஓரிடத்திலாவது விளக்கியிருக்கலாம். பிறந்த குட்டியின் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்றொரு திசு உண்டு. உடல் நடுங்காமலேயே எரிந்து சூட்டைத் தரும் இந்தச் சேமிப்பு, பால் குடிக்காத குட்டியிடம் விரைவில் தீர்ந்துவிடும். ஈனுவதற்குச் சற்று முன்பாகத் தாய் தன் வயிற்றிலும் தாடைக்குக் கீழும் தளர்ந்திருக்கும் ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்புகிறது. அந்த ரோமத்துக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, ஓரத்தில் இருப்பது உள்ளே நுழைவதும் உள்ளே இருந்தது மேலே வருவதுமாக ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும். காலையில் ரோமத்தை இரு விரலால் விலக்கிப் பார்ப்பவருக்கு இந்தக் குவியலே எல்லாவற்றையும் சொல்லிவிடும்: இறுக ஒட்டி நெளிந்து கீச்சிட்டால் குளிர்கிறது, ஆளுக்கொரு மூலையாக விலகிக் கிடந்தால் புழுங்குகிறது, வயிறு உருண்டு தோல் வழியே பாலின் வெண்மை தெரிய அசையாமல் உறங்கினால் குறையொன்றும் இல்லை. தோல் சுருங்கி, நீலம் பாரித்த குட்டியைத்தான் உடனே தனியே எடுக்க வேண்டும்.

ரோமம் பிடுங்காத தாய்களும் உண்டு, குறிப்பாக முதல் ஈற்றில். அவற்றின் வயிற்று ரோமத்தை மெல்ல இழுத்தால் தானாகவே கையோடு வரும். தாராளமாக ரோமம் பிடுங்கும் தாயின் பெட்டியிலிருந்து உபரியை எடுத்து, வெயிலில் காயவைத்து, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பண்ணையில் மார்கழி பற்றிய கவலை பாதி குறைந்துவிடும். சணல் சாக்குப் பிரிகளை மட்டும் படுக்கையாக்கக் கூடாது; அவை குட்டியின் காலைச் சுற்றி இறுக்கும்.

கையேட்டில் ஈரத்தைப் பற்றிய பத்தியில் ஒரு நாட்கணக்கு விடுபட்டிருக்கிறது. பெட்டியைச் சினையின் 27 அல்லது 28ஆம் நாளில் வைக்க வேண்டும். பத்து நாள் முன்னதாக வைத்தால் தாய் அதிலேயே படுத்து, அதிலேயே கழித்து, ஈனும் நாளுக்குள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். படுக்கை நனைந்திருந்தால் ரோமத்தைத் தனியே காத்து, வைக்கோலை மாற்றுவதே மருந்து.

இரண்டாவது குறை, மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்று பதினோராம் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது. படித்தவர் கையிலிருந்து இது வந்திருப்பது வருத்தத்துக்குரியது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஈன்ற தாய்களிடையே குட்டிகளை மாற்றி விட்டாலும் ஏற்று வளர்க்கும் விலங்கு, தன்னை நாள்தோறும் பராமரிப்பவரின் கைவாசனைக்காகக் குட்டியைப் பட்டினி போடுவதில்லை. இந்த நம்பிக்கையால் விளையும் கேடு பெரிது. தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பால் கொடுத்துவிட்டுத் துள்ளி வெளியேறுகிறது. காம்பை விடாத குட்டி அதோடு வெளியே இழுபட்டுக் கம்பி வலையில் விழுகிறது. பூனையும் நாயும் செய்வதுபோல் கவ்வி எடுத்துவந்து படுக்கையில் சேர்க்கும் வழக்கம் முயலுக்கு இல்லை. தொடாதே என்று சொல்லப்பட்டவர் அதைத் தாய் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார். குட்டி வலையிலேயே விறைக்கும். பெட்டியின் வாசல் விளிம்பு ஏறத்தாழ 15 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று கையேட்டின் படம் சரியாகவே காட்டியிருந்தும், அந்த விளிம்பு எதற்கு என்பதை அருகில் எழுதாதது வியப்பே.

விறைத்த குட்டியைக் கண்டால் இறந்ததாகத் தூக்கி எறிவதும் அவசரப்புத்தி. உள்ளங்கைகளுக்கு நடுவிலோ சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ மெல்லச் சூடேற்ற வேண்டும். சூடு திரும்பும் முன் பால் புகட்டினால் குடல் அதை ஏற்காது.

மன்னவனூருக்குப் பேருந்தில் போய், சோவியத் சின்சில்லா, வெள்ளை ராட்சத முயல் எனும் இனங்களில் ஒரு சோடியைப் பிரம்புக் கூடையில் வைத்து, வத்தலக்குண்டு வழியாகக் கொண்டுவந்து இறக்கிய தலைமுறை ஒன்று இப்பகுதியில் உண்டு. மலைச்சாலை முழுவதும் கூடை அசையாமல் மடியில் இருக்கும். அடிவாரத்தில் வெக்கை ஏறியதும் முயல் வாய் திறந்து மூச்சு வாங்கும். நனைத்த துணியைக் கூடைமேல் போர்த்தி, பக்கத்து இருக்கைக்காரரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடி ஊர் வந்து சேர வேண்டும். அத்தலைமுறையில் பெட்டிக்குள் விளக்கு வைத்தவர் எவரும் இல்லை. வீட்டுப் பெண்கள் கோலம் போடுமுன் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியில் கைவிட்டு, குவியலின் சூட்டை விரலால் அறிந்து, வெளியே கிடப்பதை உள்ளே சேர்த்துவிட்டு வருவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அந்த வேலை தெரியும். இன்றைய வளர்ப்போர் தங்கள் கையை நம்பாமல் மின்செருகியை நம்புவதுதான் இக்கடிதத்தின் தீராத மனக்குறை.

இத்தனைக்கும் பிறகு, பதினான்காம் பக்கத்தைப் பாராட்டச் சொல் போதாது. எறும்பைத் தடுக்கக் கூண்டுக் கால்களின் கீழ் நீர்க்கிண்ணம் வைப்பதை எல்லோரும் எழுதுவார்கள். கிண்ணம் நிறைய நீர் இருந்தும் எறும்பு ஏறியது எப்படி என்று இந்த இளையவர் கொட்டகையில் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்: கூண்டில் செருகிய அகத்திக் கொம்பின் நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதன் வழியே சாரை சாரையாக வந்த எறும்பு, ஈன்ற இரத்த வாடை காயாத பெட்டியை அடைந்தது. தீவனக் கொம்பு, தண்ணீர்க் குழாய், தொங்கும் வைக்கோல், ஒட்டடை என்று பாலமாகக்கூடிய ஒவ்வொன்றையும் படம் வரைந்து காட்டியிருக்கும் அப்பக்கத்தைப் போன்ற ஒன்று எந்தப் பெரிய நூலிலும் காணக் கிடைக்காது. இந்தப் பொறுமையில் பாதியை விளக்கின் பக்கம் திருப்பியிருந்தால், அந்த 9 வாட் வரி கையேட்டில் ஏறியிராது.

ஐப்பசி மழைக்கு முன் கையேடு மறுபடி படியெடுக்கப்படும்போது, ஒன்பதாம் பக்கத்தை அடியோடு நீக்கி, பதினோராம் பக்கத்தை மாற்றி எழுதி, பதினான்காம் பக்கத்தை முதற்பக்கமாக்கித் தர வேண்டும் என்று இளையவரைக் கேட்டுக்கொள்ளுகிறது இக்கடிதம்.