முயற்குட்டிகளின் மூத்திரமும் பீச்சும் வழக்கமும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் வீட்டுப் பிள்ளைகளின் பிரியத்திற்காக முயல் வளர்ப்போர் உளர். குட்டிக்கு மூன்று மாதம் கடந்ததும் இரண்டு விஷயங்கள் அவர்களை மிரளச் செய்யக்கூடும். ஒன்று, கூண்டிற் காணும் சிவந்த மூத்திரம். மற்றொன்று, சுவரிலும் மனிதர் காலிலும் அது மூத்திரம் பீச்சுதல். முன்னதை ரத்தமென்று எண்ணித் தண்ணீரைக் குறைப்பதும், பின்னதைத் துஷ்டத்தனமென்று எண்ணி அடிப்பதும் தவறாகும்.

நிறமும் கலங்கலும்

முயல் தன் தீனியிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் உட்கிரகித்து, மிஞ்சியதை மூத்திரத்தின் வழியே வெளியேற்றும் ஸ்வபாவமுடையது. ஆகவே வளர்ந்த முயலின் மூத்திரம் கலங்கலாயிருந்து, காய்ந்தபின் வெண்பொடியாகப் படியும். இளங்குட்டிகளிலும், சினையுற்ற முயல்களிலும் அச்சத்து உடலுக்கே செலவாவதால் மூத்திரம் தெளிந்திருக்கும். தழைகளிலுள்ள நிறப் பொருள்களாலும், உடலில் உண்டாகும் நிறமிகளாலும் அது மஞ்சளாகவோ, செங்கல் நிறமாகவோ தோன்றி, ஓரிரு நாளில் மாறலாம். இது நோயன்று.

கொடிக்கால்களில் வெற்றிலைக்குத் துணையாக வளரும் அகத்தியை ஏராளமாகத் தின்னக் கொடுத்தல் ஆகாது. நூறு கிராம் அகத்திக்கீரையில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துண்டு. அறுகு முதலிய புல்லே பிரதான தீனியாகவும், அகத்தி சிறு பிடியாகவும் இருக்கட்டும். முயலுக்குத் தண்ணீர் வேண்டுவதில்லை என்பது பிழை. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை தேவைப்படும். குறைந்தால் சுண்ணாம்பு பையில் வண்டலாகத் தங்கும்.

பீச்சுதல்

மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் பருவமடையும் ஆண்முயல், தன் எல்லையைக் குறிக்கவும் பெண்முயலை நாடியும் மூத்திரத்தைப் பீச்சும். பெண்முயலும் சிற்சில சமயம் அவ்வாறு செய்யும். அடித்தால் அச்சமே மிகும், வழக்கம் நீங்காது. மூன்று மாதத்திலேயே ஆண்களையும் பெண்களையும் பிரித்துவிடுக. இனவிருத்திக்கு வேண்டாத ஆணுக்குக் கால்நடை வைத்தியரைக் கொண்டு விதை நீக்கினால், சில வாரங்களில் இது பெரும்பாலும் அடங்கும். அதன் பின்னும் ஆறு வாரம் பெண்ணுடன் விடலாகாது. இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆணின் கூண்டிற்குப் பக்கப் பலகை அடித்து, பெண்களின் கூண்டிலிருந்து தூர வைக்கவும்.

முயல் வழக்கமாக மூத்திரம் பெய்யும் மூலையில் வைக்கோல் பரப்பிய தட்டை வைத்து, நனைந்த வைக்கோலிற் சிறிது மீதம் விட்டால் அங்கேயே பழகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் தங்கினால் எழும் காரநெடி நுரையீரலைக் கெடுக்குமாதலால், தினந்தோறும் மாற்றுதல் நலம். நீக்கிய வைக்கோல் எருக்குழிக்கு உதவும். தரையிற் படிந்த வெண்மையைக் காடியால் கழுவலாம்.

அபாயக் குறிகள்

முக்கிச் சொட்டுச் சொட்டாய்ப் பெய்தல், ரத்தக் கட்டி அல்லது தனித்த ரத்தக் கோடு, பசைபோன்ற மூத்திரம், பின்புறம் எப்போதும் நனைந்திருத்தல், பல் நெறித்தல், அரைநாள் தீனி உண்ணாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். நனைந்த ரோமத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். தஞ்சை மாவட்டத்தார்க்கு ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி அண்மையிலுள்ளது.

நிறம் மாத்திரம் கண்டு அஞ்சற்க; முயல் மூத்திரம் பெய்யும் விதத்தையும் உண்ணும் விதத்தையும் சேர்த்து நோக்குக. குட்டியின் உயிர் இக்கவனத்தில் அடங்கியிருக்கிறது.