படகைக் கழுவுவோம், பொழியைக் காப்போம்

பூவாரில் நெய்யாறு கடலில் கலக்கும் இடத்தைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வாழும் நம்மில் பலர் பார்த்திருப்போம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அங்கே படகுச் சவாரிக்கு அழைத்துச் செல்வதும் வழக்கம். அந்தப் படகுகளை எப்படிக் கழுவ வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, மழைக்காலத்தில் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாய்கிறது. கோடையில் நீர்வரத்து குறைய, அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. இதனையே 'பொழி அடைந்தது' என்கிறோம். அந்நாட்களில் காயல் ஒரு குளம்போல் ஆகிவிடும். அப்போது அதில் கொட்டிய சோப்புத் தண்ணீரும் டீசலும் கடலுக்குப் போகாமல், மீனோடும் நண்டோடும் அங்கேயே தங்கும்.

படகில் ஒட்டுவது எது?

நீரில் நிற்கும் படகின் அடியில் முதலில் வழுவழுப்பான படலமும், பிறகு பாசியும், அதன்பின் சுண்ணாம்பு ஓடுடைய சிற்றுயிர்களும் ஒட்டுகின்றன. இதனால் வேகம் குறைந்து எண்ணெய்ச் செலவு கூடும். ஆகவே படகைச் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும்.

இவை ஒட்டாமலிருக்க மேலை நாடுகளில் வெள்ளீயச் சேர்மம் கலந்த வர்ணம் பூசினார்கள். பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடுகள் அதனால் உருக்குலைந்தன. அந்நாடு 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. 2001இல் ஏற்பட்ட உலக ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்தது.

நம் மீனவரின் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப்போடுவார்கள். ஒட்டிய உயிர்களை வெயிலே கொன்றுவிடும்.

செய்முறை

1. சிறு படகைக் கரையேற்றி, ஈரம் காயுமுன் பாசியைத் தேங்காய்க் கதம்பையால் தேய்க்கவும். பெரும்பாலும் சோப்பே வேண்டாம்.

2. ஓடுகள் ஒட்டியிருந்தால் மரச்சீவலால் சுரண்டவும். சுரண்டியதைத் திரட்டிக் கரையில் புதைக்கவும்.

3. பைபர் படகின் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவலாம். சுண்ணாம்புப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் போதும். இரண்டையும் கலக்க வேண்டாம். ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். பித்தளைக்கு நம் வீட்டுப் புளியே சிறந்தது.

4. படகின் உள்ளே தேங்கிய எண்ணெயைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவும். சோப்பு ஊற்றினால் எண்ணெய் மறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது சிறு துளிகளாகி நீருக்குள் கலந்துவிடுகிறது.

5. வேறு காயலுக்குக் கொண்டுபோகுமுன் விசிறியிலும் கயிற்றிலும் சிக்கிய பாசியை நீக்கிப் படகை உலர்த்தவும். அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி 2019இல் கொச்சிக் காயலில் பதிவானது. பிறகு அது அஷ்டமுடியிலும் பரவியது. இத்தகையவை படகோடும் பயணம் செய்யும்.

ஓர் எச்சரிக்கை

இயற்கைப் பொருள் என்றால் தீங்கில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பூந்திக்கொட்டையின் நுரை நம் பட்டுப்புடவைக்கு நல்லது. அதே நுரை மீனின் செவுள்களைப் பாதித்து அதைக் கொல்லவும் வல்லது. எனவே எதைக்கொண்டு கழுவுகிறோம் என்பதைவிட, கழுவிய நீர் எங்கே போகிறது என்பதே முக்கியம் என்பேன். ஆற்றோரத்தை விட்டுத் தள்ளி, மண் உறிஞ்சும் இடத்தில் கழுவுவதே முறை.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. ஆனால் தண்ணீர் எல்லை அறியாது. இக்கரையில் கலப்பது அக்கரை மீனவரின் வலையிலும் தெரியும். படகு வைத்திருப்போர் இதைக் கடைப்பிடியுங்கள். சவாரி போவோர் படகுக்காரரிடம் அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு வினாக்கள்

1. பொழி அடைந்த நாட்களில் காயலுக்கு ஆபத்து கூடுவது ஏன்?
2. எண்ணெய் படிந்த நீரில் சோப்பு ஊற்றக் கூடாது என்பது ஏன்?
3. கட்டுமரத்தை வெயில் எவ்வாறு காக்கிறது?